டி.வி. விவாதத்தில் விருந்தினர் பேசியதற்கு ஆங்கர் மேல் வழக்கு வருமா? அர்னாப் கோஸ்வாமி தீர்ப்பு லோக்கல் கேபிள் ஆங்கருக்கு உதவுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில், லோக்கல் கேபிள் சேனலில் வாரம் ஒரு விவாத நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். விசைப்படகு, நாட்டுப்படகுத் தகராறைப் பேசிய அன்று விருந்தினர் ஒருவர் பக்கத்து ஊர் மீனவர்களை ஊர் பேர் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். அந்த நாற்பது விநாடித் துண்டு மட்டும் வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. இப்போது இரண்டு ஸ்டேஷன்களில் புகார். "அர்னாப் கோஸ்வாமி மேல் நாடு முழுக்க வழக்கு போட்டார்கள். பேச்சுச் சுதந்திரம் என்று சொல்லி ஒரே வாரத்தில் சுப்ரீம் கோர்ட் வெளியே விட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டினால் என் மேல் வழக்கு நிற்காதுதானே?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவருக்கு உண்மையில் என்ன நடந்தது, விருந்தினர் வாயிலிருந்து வந்ததற்கு ஆங்கர் பொறுப்பா, இந்த வாரம் நீங்கள் என்ன செய்ய வேண்டும். அவசரம் மூன்றாவதற்குத்தான். ஆனால் முதலாவதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் பலர் மூன்றாவதில் சறுக்குகிறார்கள், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

கோஸ்வாமி 1973-ல் கவுகாத்தியில் பிறந்தவர். கொல்கத்தாவில் நாளிதழ் வேலையில் தொடங்கி 1995-ல் என்.டி.டி.வி.க்கு வந்தார். 2006-ல் டைம்ஸ் நவ் தொடங்கியபோது அதன் தலைமை ஆசிரியர். அங்கே இரவு 9 மணி விவாதம்தான் அவருடைய அடையாளமானது. 2016 நவம்பரில் விலகி, 2017 மே 6-ல் ரிபப்ளிக் டி.வி.யைத் தொடங்கினார். 2019-ல் ரிபப்ளிக் பாரத் என்ற இந்திச் சேனலும் வந்தது. நடுவில் உட்கார்ந்து இரு பக்கமும் பேச விடுவது அவர் பாணி இல்லை. தானே ஒரு பக்கம் நின்று கேள்வி கேட்பார். பிடித்தவர்கள் அதைத் துணிச்சல் என்கிறார்கள், பிடிக்காதவர்கள் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு விசாரிப்பது என்கிறார்கள். யார் சரி என்பது உங்களுக்குத் தேவையில்லை. அந்தப் பாணிக்குச் சட்டத்தில் ஒரு விலை உண்டு என்பது மட்டும் தேவை. அவர் மேல் வந்த பேச்சு வழக்குகளில் சர்ச்சையான வார்த்தைகள் அவருடையவை. உங்கள் நிகழ்ச்சியில் அது விருந்தினருடையது. இந்த ஒரு வேறுபாட்டைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள்.

அவர் மேல் வந்தவற்றை ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. 2020 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு சாதுக்களும் அவர்களுடைய டிரைவரும் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி ஏப்ரல் 21-ல் நடத்திய விவாதத்தில் அவர் சோனியா காந்தியைக் குறிப்பிட்டுப் பேசியதற்குப் பல மாநிலங்களில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஏப்ரல் 24-ல் சுப்ரீம் கோர்ட் மூன்று வாரம் கைதுக்குத் தடை கொடுத்தது. நாக்பூரில் பதிவான ஒரு எஃப்.ஐ.ஆரை மும்பைக்கு மாற்றி அதை மட்டும் விசாரிக்கச் சொன்னது. ஏப்ரல் 27-ல் மும்பை போலீஸ் அவரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விசாரித்தது. மே 19-ல் வந்த தீர்ப்பில், ஒரே பேச்சுக்காக மற்ற மாநிலங்களில் போட்ட எஃப்.ஐ.ஆர்.களைக் கோர்ட் நீக்கியது. ஆனால் மும்பை எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய மறுத்தது, சி.பி.ஐ.க்கு மாற்றவும் மறுத்தது, வேண்டுமானால் உரிய கோர்ட்டுக்குப் போங்கள் என்றது. அதன்பின் ஜூன் 30-ல் பாம்பே ஹைகோர்ட் முதல் பார்வையில் குற்றம் தெரியவில்லை என்று சொல்லி அவர் மேலிருந்த எஃப்.ஐ.ஆர்.களை நிறுத்தி வைத்தது. ஆகவே அந்தப் பேச்சு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தந்தது "பேசியது சரி" என்ற தீர்ப்பு கிடையாது. ஒரு பேச்சுக்கு ஒரு விசாரணை போதும் என்ற தீர்ப்பு அது.

நீங்கள் சொல்லும் "ஒரே வாரத்தில் வெளியே வந்தது" வேறு வழக்கு. அதற்கும் டிபேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2018 மே மாதம் அலிபாக் பக்கம் ஓர் இன்டீரியர் டிசைனரும் அவருடைய தாயாரும் இறந்தார்கள். பாக்கிப் பணம் வராததைச் சொல்லி, கோஸ்வாமி உட்பட மூன்று பேர் பெயருடன் ஒரு கடிதம் இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்பது சேனல் தரப்பின் நிலை. 2019-ல் போலீஸ் மூடிய அந்த வழக்கு 2020-ல் மறுபடி திறக்கப்பட்டு, நவம்பர் 4 காலை தற்கொலைக்குத் தூண்டியதாக அவர் கைதானார். நவம்பர் 9-ல் ஹைகோர்ட் இடைக்கால ஜாமீன் மறுத்தது, 11-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்தது, 27-ல் விரிவான காரணங்களை எழுதியது. ஹைகோர்ட் எஃப்.ஐ.ஆரை முதல் பார்வையிலாவது படித்துப் பார்த்திருக்க வேண்டும், ஒரு நாள் சுதந்திரம் பறிபோனாலும் அதிகம் என்பது அதன் சாரம். ஜாமீன் என்பது விடுதலை இல்லை. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் நம் டீக்கடைப் பேச்சில் "ஜாமீன் கிடைச்சிருச்சு, கேஸ் முடிஞ்சிருச்சு" என்றுதான் போகிறது. அதே வருடம் வந்த டி.ஆர்.பி. வழக்கு, அதாவது பார்வையாளர் எண்ணிக்கையைச் செயற்கையாக ஏற்றியதாக வந்த வழக்கு, இன்னொரு வகை. அதில் அவர் பெயர் குற்றப்பத்திரிகை வரை போனது. கடைசியில் அரசே திரும்பப் பெறக் கேட்டு, 2024-ல் கோர்ட் அனுமதித்தது. அதுவும் விசாரித்து வந்த தீர்ப்பு அல்ல.

சிறைக் கதைகளை விட உங்களுக்கு உபயோகமான இரண்டு பண வழக்குகள் உண்டு. 2008 செப்டம்பர் 10-ல் டைம்ஸ் நவ் ஒரு செய்தியில் வேறொரு நீதிபதியின் படத்துக்குப் பதிலாக ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைக் காட்டிவிட்டது. பதினைந்து விநாடி. படத்தை எடுத்தார்கள், ஆனால் மன்னிப்பும் திருத்தமும் தாமதமாக வந்தன. 2011-ல் புனே கோர்ட் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டுக்கே 20 கோடி கட்டி, 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்கச் சொன்னது ஹைகோர்ட். சுப்ரீம் கோர்ட் அதில் தலையிட மறுத்தது. இன்னொன்று பிரிட்டனில். 2019 செப்டம்பர் 6-ல் ஒளிபரப்பான ரிபப்ளிக் பாரத் விவாதத்தில் பாகிஸ்தானியர்கள்மேல் வெறுப்புப் பேச்சு இருந்ததாக, அங்குள்ள ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2020 டிசம்பரில் 20,000 பவுண்டு அபராதம் போட்டது. அபராதம் விழுந்தது உரிமம் வைத்திருந்த கம்பெனி மேல். உங்கள் கேபிள் உரிமையாளர் இப்போது உங்களிடம் ஏன் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார் என்பது இதிலிருந்து புரியும்.

இனி இரண்டாவது கேள்வி, உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. இதில் அர்னாப் தீர்ப்பை விட அமிஷ் தேவ்கன் தீர்ப்பைத்தான் உங்கள் வக்கீல் கையில் வைத்திருக்க வேண்டும். நியூஸ்18 இந்தியாவின் ஆங்கர் அவர். 2020 ஜூன் 15 விவாதத்தில் அஜ்மீர் குவாஜா மொய்னுதீன் சிஷ்தியைப் பற்றி ஓர் இழிவான வார்த்தை சொல்லிவிட்டு, வாய் தவறிவிட்டது, வேறொரு மன்னரைச் சொல்ல வந்தேன் என்று மன்னிப்புக் கேட்டார். ஏர்வாடி தர்காவுக்குச் சாதி மத பேதம் இல்லாமல் ஜனம் போகிற மாவட்டத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த வார்த்தை எப்படிக் காயப்படுத்தியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் 7-ல் சுப்ரீம் கோர்ட் எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்ய மறுத்தது. எல்லாவற்றையும் அஜ்மீருக்கு மாற்றியது. விசாரணைக்கு ஒத்துழைக்கும் வரை கைதில்லை என்றது. அதோடு சொன்ன ஒன்றுதான் முக்கியம்: அந்த நிகழ்ச்சியில் அவர் வெறும் தொகுப்பாளர் இல்லை, மற்றவர்களுக்குச் சமமாக விவாதத்தில் பங்கெடுத்தவர். அதாவது ஆங்கர் என்ற நாற்காலி தானாகக் கேடயம் ஆகாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள்.

விருந்தினர் பேச்சு ஆங்கர் மேல் வந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 2022 மே மாதம் டைம்ஸ் நவ் விவாதத்தில் அப்போதைய பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் நூபுர் சர்மா நபிகளைப் பற்றிப் பேசியதற்கு, நிகழ்ச்சி நடத்திய நவிகா குமார் மேலும் பல இடங்களில் எஃப்.ஐ.ஆர். வந்தது. செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அவற்றை டெல்லியில் ஒன்றாகச் சேர்த்து, எட்டு வாரப் பாதுகாப்பு கொடுத்தது. விருந்தினர் சொன்னதற்கு எந்த அளவு ஆங்கர் பொறுப்பு என்று அளவுகோல் வைத்து முடித்துச் சொன்ன தீர்ப்பு அது அல்ல. இந்த இடத்தில் சட்டம் இன்னும் இறுகவில்லை என்பதே நேர்மையான பதில். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் வருவதை "நான் சொல்லவில்லை" என்ற ஒரு வாதம் மட்டும் தடுக்காது. ஆனால் உங்களுக்கு உள்நோக்கம் இல்லை என்று காட்ட அதுதான் உங்களிடம் உள்ள நல்ல வாதம்.

அந்த நாற்பது விநாடியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விருந்தினர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? நம் ஊர் ஆங்கர்களுக்கு ஒரு பழக்கம், எதிரில் இருப்பவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் "சரி", "ம்", "ஆமா, சொல்லுங்க" என்று சொல்வோம். காதுக்கு அது வெறும் ஒட்டுச் சொல். ஆனால் போலீஸ் எழுத்தர் அந்த வீடியோவைப் பார்த்து எழுத்தாக்கும்போது, விருந்தினர் வாக்கியத்துக்குக் கீழே "தொகுப்பாளர்: சரி" என்று ஒரு வரி விழும். படிக்கிறவர் கண்ணுக்கு அது சம்மதம். முகத்தில் சிரிப்பு இருந்தால் இன்னும் மோசம். விசாரணையில் கேட்கப்போவதும் இந்த மாதிரிதான்: தலைப்பை யார் முடிவு செய்தது, இந்த விருந்தினரை யார் கூப்பிட்டது, அவர் இப்படிப் பேசுவார் என்று முன்பே தெரியுமா, நேரலையா பதிவா, பதிவு என்றால் வெட்டாமல் விட்டது யார், யூடியூபில் ஏற்றியது யார், தம்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், அந்த வாசகத்தை எழுதியது யார். கடைசிக் கேள்வியில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். விருந்தினர் சொன்னது அவருடையது என்று வாதாடலாம். அதையே எடுத்துச் சிவப்பு எழுத்தில் தம்நெயில் போட்டிருந்தால் அது உங்கள் சொல்.

இந்தக் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு, சென்னை வக்கீலுக்கு அது சட்டென்று புரியாது. கடற்கரை ஊர் பலவற்றில் ஊர்ப் பேரைச் சொன்னாலே சமூகத்தைச் சொன்ன மாதிரி. "இரட்டைமடி வலை போட்டுக் கடலை அழிக்கிறார்கள்" என்றால் அது தொழில் விமர்சனம். 1983-ம் வருட மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை வைத்தே அதைப் பேசலாம். ஊர் பேரைச் சேர்த்து "அந்த ஊர்க்காரனே அப்படித்தான்" என்றால் இரு பிரிவினரிடையே பகை வளர்த்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ம் பிரிவைப் போட வழி கிடைத்துவிடும். 196-க்கு இரண்டு பிரிவுகளும், பகை வளர்க்கும் எண்ணமும் வேண்டும் என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ காலத்திலிருந்தே சுப்ரீம் கோர்ட் சொல்லிவருவது. ஒரு பிரிவைத் திட்டியது மட்டும் போதாது. உங்கள் வாதத்துக்கு இது நல்ல பிடி. அந்த வார்த்தை தொழிலைப் பற்றியதா, ஊரைப் பற்றியதா, சாதி அல்லது மதத்தைப் பற்றியதா என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. வீடியோவைப் பார்க்காமல் அதை நானோ வேறு யாருமோ சொல்ல முடியாது.

அந்தச் சட்டத்தின் பிரிவுகளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். 356 அவதூறு. இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு, ஆனால் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும், புதிய சட்டப்படி ஏற்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். 352 அவமதித்தல், ஜாமீனில் விடக்கூடியது. 196, மத உணர்வைப் புண்படுத்தும் 299, வதந்தியால் பகை மூட்டுவது பற்றிய 353(2) ஆகியவை ஜாமீனில் வர முடியாதவை. போலீஸ் நேரடியாகப் பதியலாம். ஆனால் 196-க்கும் 299-க்கும் கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுக்க அரசின் முன் அனுமதி தேவை. எஃப்.ஐ.ஆர். போடும்போது அது தேவையில்லை என்பதால் இப்போதே அதை நம்பி உட்கார வேண்டாம். விருந்தினர் பட்டியல் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் நிலைமை வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது, அந்தச் சட்டத்தில் முன்விசாரணையும் கட்டாயம் இல்லை. 2024 ஆகஸ்டில், கேரள யூடியூப் செய்திச் சேனல் ஆசிரியர் ஷாஜன் ஸ்கறியா வழக்கில், புகாரைப் படித்த மாத்திரத்தில் குற்றம் தெரியவில்லை என்றால் அந்தத் தடை வராது என்று சுப்ரீம் கோர்ட் முன்ஜாமீன் கொடுத்தது. சாதியின் காரணமாக அவமதித்திருக்க வேண்டும், பட்டியல் சாதிக்காரர் ஒருவரை விமர்சித்ததே குற்றம் ஆகாது என்பது அதன் வரி. ஆனால் சாதிப் பெயரே வாயில் வந்திருந்தால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு அதிகம் கை கொடுக்காது.

இப்போது இந்த வார வேலை. முதலில், வந்திருப்பது எஃப்.ஐ.ஆரா, புகார் பெற்றதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மனு கொடுத்ததும் ஸ்டேஷனில் தருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர்.தான். அது வழக்கு ஆகாது. எஃப்.ஐ.ஆர். என்றால் பதிந்த 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 சுப்ரீம் கோர்ட் உத்தரவு, உணர்வுப்பூர்வமானவை மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறை தளத்தில் மாவட்டம், நிலையம், தேதி போட்டுத் தேடிப் பாருங்கள். சி.எஸ்.ஆர். நிலையில்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முன்விசாரணை செய்ய, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இடம் தருகிறது. பேச்சு தொடர்பான குற்றங்களில் இந்த வழியைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28-ல் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. எதற்கெடுத்தாலும் புண்படுகிற மனதை வைத்து வார்த்தையை அளக்காமல், உறுதியான மனமுள்ள சாதாரண மனிதனை வைத்து அளக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்களுக்கு அர்னாப் தீர்ப்பை விட இது பத்து மடங்கு உபயோகம். டி.எஸ்.பி.க்கு வக்கீல் மூலம் ஒரு மனு கொடுங்கள், முழு நிகழ்ச்சியின் பிரதியை அதோடு வைத்து.

முழு நிகழ்ச்சி என்று சொன்னேன், அதில்தான் பலர் கவிழ்கிறார்கள். பயத்தில் வீடியோவையும் மெமரி கார்டில் இருந்த மூலப் பதிவையும் அழித்துவிடுவார்கள். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம் என்பது ஒரு பக்கம். உங்களைக் காப்பாற்றக்கூடியதும் அந்த மூலப் பதிவுதான். நாற்பது விநாடிக்குப் பிறகு நீங்கள் விருந்தினரை அடக்கியிருந்தால், அது அதில் மட்டும்தான் இருக்கும். பொதுவில் இருக்கும் வீடியோவை யாரும் பார்க்காதபடி மறைத்து வையுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) எடுத்து எழுதி வையுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ம் பிரிவுச் சான்றிதழில் அந்த மதிப்பைக் கேட்கும். அதன் ஏ பகுதியைப் பதிவைக் கையாண்டவரும் பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கேபிள் உரிமையாளரிடமும் ஒளிபரப்புப் பதிவு இருக்க வேண்டும். 2022 நவம்பர் 30 வழிகாட்டுதல்படி, எம்.எஸ்.ஓ. (பல கேபிள்காரர்களுக்குச் சிக்னல் தரும் பெரிய ஆபரேட்டர்) தன் சொந்தச் சேனலைச் சேனலுக்கு 1,000 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும், 90 நாள் பதிவை வைத்திருக்க வேண்டும், உள்ளூர்ச் செய்தியும் நடப்பு நிகழ்ச்சியும் போடுகிறவர் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். 90 நாள் முடிவதற்குள் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவே இல்லாத சேனல் என்றால் அதையும் இப்போதே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், எதிர்த் தரப்பு சொல்லித் தெரிவது நல்லதில்லை.

எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது, ஜாமீனில் வர முடியாத பிரிவு இருக்கிறது என்றால் முன்ஜாமீனுக்கு ராமநாதபுரம் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கோ போகலாம். ஏழு வருடத்துக்கு உட்பட்ட குற்றங்களில் கைதுக்குப் பதிலாக நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ் கொடுத்து அழைப்பதே முறை. வாட்ஸப்பில் அனுப்பினால் அது முறையான நோட்டீஸ் ஆகாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். கையில் நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில் போங்கள், போனதற்கு ஒப்பம் வாங்குங்கள். தேவ்கனுக்குக் கிடைத்த பாதுகாப்பே ஒத்துழைப்பு என்ற நிபந்தனையில் நின்றதுதான். செல்போனையோ கேமராவையோ எடுத்தால் கைப்பற்றுதல் மகஜர் (எடுத்த பொருட்களின் எழுத்துப் பட்டியல்) இல்லாமல் கொடுக்காதீர்கள். அதில் மாடல், சீரியல் எண், கார்டின் கொள்ளளவு, உறையில் போட்டு அரக்கு வைத்த விவரம் எல்லாம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு வழக்கைப் பார்க்கும் மாஜிஸ்திரேட்டிடமே அதே சட்டத்தின் 503-ன்கீழ் இடைக்காலமாகத் திருப்பிக் கேட்கலாம். பிழைப்புக்கான கேமரா என்று காரணம் எழுதுங்கள்.

இரண்டு ஸ்டேஷன் புகாருக்குத்தான் அர்னாப் தீர்ப்பு உங்களுக்கு உதவும், அதுவும் இந்த அளவில் மட்டும்: ஒரே பேச்சுக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். நிற்காது. 2001-ன் டி.டி. ஆண்டனி தீர்ப்பில் வேர்விட்ட விதி இது. அவர் டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது பல மாநிலங்களில் வழக்கு இருந்ததால். உங்கள் இரண்டு ஸ்டேஷனும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன, ஆகவே டெல்லிச் செலவு தேவையில்லை. எஸ்.பி.யிடம் மனு, அதில் தீராவிட்டால் மதுரைக் கிளையில் அதே சட்டத்தின் 528-ன்கீழ் மனு. முதல் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கேட்பதும் அதே பிரிவில்தான். ஆனால் விசாரணை ஆரம்பத்திலேயே ரத்து கேட்டுத் தோற்றால், "முகாந்திரம் இருக்கிறது" என்று கோர்ட் எழுதிய ஒரு வரி கடைசி வரை உங்களைத் துரத்தும். வீடியோ தெளிவாக உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் சீக்கிரம் போங்கள்.

மன்னிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சாவந்த் வழக்கில் தாமதம்தான் விலையை ஏற்றியது. வருத்தம் தெரிவிப்பதால் எஃப்.ஐ.ஆர். மறைந்துவிடாது, தேவ்கனுக்கு மறையவில்லை. ஆனால் உள்நோக்கம் இல்லை என்பதற்கு அன்றன்றைக்கே எழுதிய சாட்சி அது, இழப்பீட்டு வழக்கில் தொகையைக் குறைக்கும். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று எழுதாதீர்கள், புண்பட்டவர்களுக்கு அது இன்னொரு அவமானம். எந்த நிகழ்ச்சி, எந்த வார்த்தை, அது சேனலின் கருத்து அல்ல, ஒளிபரப்பியிருக்கக் கூடாது, அந்த ஊர் மக்களிடம் வருத்தம் தெரிவிக்கிறோம். இவ்வளவும் நான்கு வரியில் அடங்கும். அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லாமல், அதே கிழமை, அதே நேரத்தில், அதே முகத்தோடு படியுங்கள். வக்கீல் ஒருமுறை பார்த்துவிட்டுத் தரட்டும். ஊர்க் கமிட்டியிடமோ ஜமாத்திடமோ பங்கிடமோ நேரில் போய்ப் பேசுவது இந்தக் கரையில் எந்த நோட்டீஸையும் விட வேகமாக வேலை செய்யும். ஆனால் பணம் பேசவே கூடாது, தனியாகவும் போகாதீர்கள். சமாதானம் ஆனாலும் 196, 299 மாதிரியான வழக்கு தானாக மூடாது. ஹைகோர்ட்டில் ரத்து கேட்கும்போது அந்தச் சமாதானம் ஒரு காரணமாகும், அவ்வளவுதான்.

புகார் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இழப்பீட்டு வழக்குக்கு ஒளிபரப்பிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, அவதூறுக் குற்றப் புகாருக்கு மூன்று வருடம். பாதிப்பு நேர்ந்த இடத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்குப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், ஐந்து லட்சம் கேட்டால் 15,000 ரூபாய். கலெக்டருக்கு வேறு அதிகாரம் உண்டு. கேபிள் சட்டத்தின் 19-ம் பிரிவில், சமூகங்களிடையே பகை மூட்டும் நிகழ்ச்சியைத் தடை செய்யலாம். மாவட்டக் கண்காணிப்புக் குழுவும் அவர் தலைமையில்தான். அடுத்த ஒளிபரப்பு நின்றுபோகும் ஆபத்து உங்களுக்குப் போலீஸ் வழியை விட இந்த வழியில் சீக்கிரம் வரலாம். அதனால் வருத்தம் தெரிவித்த பதிவின் ஒரு பிரதியைக் கலெக்டர் அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

நிகழ்ச்சி தொடரும் என்றால் நேரலையை விட்டுவிடுங்கள். படகுத் தகராறு, இழுவை வலை, கச்சத்தீவு மாதிரி சூடான தலைப்புகளைப் பதிவு செய்து, ஒரு நாள் கழித்து, வேறொருவர் முழுதும் பார்த்தபின் போடுங்கள். விருந்தினரிடம் தமிழில் ஒரு பக்க ஒப்புதல் வாங்குங்கள்: சாதி, மதம், ஊர் பெயரால் பேச மாட்டேன், பேசினால் வெட்டலாம், என் கருத்துக்கு நானே பொறுப்பு. குற்ற வழக்கிலிருந்து அது உங்களை விடுவிக்காது, எச்சரித்தீர்கள் என்று காட்டும். குற்றம் சாட்டப்படும் தரப்பு அரங்கில் இல்லை என்றால் கூப்பிட்டதற்கான கடிதத்தையோ போன் பதிவையோ வைத்திருங்கள். 2017-ல் சசி தரூர் போட்ட வழக்கில், ஒளிபரப்புமுன் அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அவர் பேசாமல் இருக்க விரும்பினால் அந்த மௌனத்தையும் மதியுங்கள் என்றுதான் டெல்லி ஹைகோர்ட் கோஸ்வாமியிடம் சொன்னது. விருந்தினர் எல்லை மீறிய நொடியில் "சரி" வேண்டாம். "அந்த வார்த்தையை இந்த மேடையில் ஏற்க முடியாது, திரும்பப் பெறுங்கள், அந்த ஊர்க்காரர்கள் பதில் சொல்ல இங்கே இல்லை" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். அதற்கு ஆறு விநாடி போதும். அவர் மறுத்தால் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு இடைவேளைக்குப் போய்விடுங்கள்.

நாளை வக்கீலைப் பார்க்கப் போகும்போது வாட்ஸப் துண்டை மட்டும் காட்டாதீர்கள். முழுப் பதிவு, அது ஒளிபரப்பான தேதியும் நேரமும், தம்நெயிலின் படம், விருந்தினரை அழைத்த செய்தி, சி.எஸ்.ஆர். எண் அல்லது எஃப்.ஐ.ஆர். நகல், சேனல் பதிவுச் சான்று, எல்லாம் போகட்டும். விருந்தினர் பேசிய அந்த இடத்தை நீங்களே பேனாவால் சொல் சொல்லாக எழுதி எடுத்துப் போங்கள், உங்கள் "ம்" உட்பட.